குமணன்சாவடியில் ஒன்று புள்ளி எட்டு நொடி

எனக்குக் கோபம் சட்டென்று வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்ததைக் கேட்பவர்களுக்கு இது முதலிலேயே தெரிந்திருந்தால் நல்லது. பெயர் தாட்சாயிணி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு, வானியல் சிறப்புப் பாடம். எங்கள் வகுப்பில் இருபத்தாறு பேர். அதில் பாதிப் பேர் வேறு எதுவும் கிடைக்காமல் வந்தவர்கள், மீதிப் பேர் என்னைப் போலப் பைத்தியங்கள்.

எங்கள் துறையில் திங்கட்கிழமைதோறும் ஒரு பக்கத் தாள் வரும். ‘வானியல் மாணவர்களுக்குச் செய்திகளும் வாய்ப்புகளும்’ என்று தலைப்பு. தயாரிப்பது நான்தான். எங்கே கருத்தரங்கு, எங்கே பயிற்சி, கடைசித் தேதி எது என்று தேடித் தொகுத்து வாட்ஸப் குழுவில் போடுவேன். ஒரு பிரதியைக் குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒட்டுவேன். பாட்டில் நிரம்பும்வரை பொழுது போகாதவர்கள் படிப்பார்கள். மற்றவர்கள் கடைசித் தேதி முடிந்த மறுநாள் என்னிடம் வந்து, “ஏன் சொல்லல?” என்று சண்டைக்கு நிற்பார்கள்.

இந்தப் பிப்ரவரியில் ஒரே தாளில் இரண்டு செய்திகள் வந்தன. இரண்டையும் நானே தட்டச்சு செய்தேன்.

முதலாவது, மலைமேல் இருக்கும் ஒரு வானாய்வகத்தில் எட்டு வாரக் கோடைப் பயிற்சி. எங்கள் பல்கலைக்கழகம் ஒரே ஒரு பெயரை அனுப்பலாம். அந்த மாணவர் தானே வானத்தைப் பார்த்துப் பதிவு செய்த ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும். அடுத்த வார வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு சரி.

இரண்டாவது, அதே வாரம் செவ்வாய்க்கிழமை மாலை ஏழு பதினாலுக்கு ஒரு சிறுகோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகிறது. பத்துக் கிலோமீட்டர் அகலமுள்ள பாறை அது. நட்சத்திரத்துக்கும் நமக்கும் நடுவில் புகுந்தால் அதன் நிழல் பூமியில் விழும். நிழலும் பத்துக் கிலோமீட்டர் அகலம்தான். அந்த நிழலுக்குள் நிற்பவர்களுக்கு மட்டும் நட்சத்திரம் இரண்டு நொடி அணைந்து திரும்ப எரியும். அந்த நொடியைச் சரியாகக் குறித்துவிட்டால் பாறையின் பாதையையும் அளவையும் கணக்குப் போட்டுவிடலாம். பெரிய பெரிய தொலைநோக்கிகள் எல்லாம் அந்த நிழலுக்கு எங்கேயோ வெளியே இருந்தன. நிழல் போகும் வழி எது தெரியுமா? திருமுல்லைவாயில், ஆவடி, கொரட்டூர்! மலை உச்சியில் இல்லாமல் ஆவடியில் இருப்பது ஒரு தகுதியாக ஆனது என் ஆயுசில் அன்றுதான்.

எனக்கு அந்தப் பயிற்சி வேண்டும். சும்மா ஆசைக்கு இல்லை. என் அப்பா ஜம்புலிங்கம் ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டர். திருச்சிப் பக்கத்துக்காரர், இருபத்தைந்து வருடமாகக் குவார்ட்டர்ஸ் வாசி. “நட்சத்திரம் பாக்குறதெல்லாம் சரிதாம்மா, சம்பளம் யாரு குடுப்பா?” என்பார். கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். மே மாதத்துக்குள் ஏதாவது ஒரு ஆய்வகம் என்னைக் கூப்பிட்டால் எம்.எஸ்சி. படிக்கலாம். கூப்பிடாவிட்டால் ஜூனிலிருந்து அம்பத்தூரில் வங்கித் தேர்வுப் பயிற்சி. அப்பா சொன்னால் சொன்னதுதான். அதுவரை நான் விண்ணப்பித்த நான்கு இடங்களும் கையை விரித்திருந்தன. மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

எங்கள் பேராசிரியர் பரந்தாமன் சார் மூன்று இடங்களில் தொலைநோக்கி வைக்கலாம் என்றார். தினேஷுக்குத் திருமுல்லைவாயிலில் சொந்த வீடு, சொந்தத் தொலைநோக்கி, அதுவும் எட்டங்குலம். நிழலின் நடுக்கோடு அவன் வீட்டு மொட்டை மாடி வழியாகவே போனது. சபீனாவுக்குக் கொரட்டூரில் ஏரிக்கரை வீடு. துறையின் நல்ல தொலைநோக்கி அவளுக்கு. எனக்குத் துறையின் சின்னத் தொலைநோக்கி. அதன் ஒரு காலை சைக்கிள் டியூப் போட்டுக் கட்டியிருக்கும்.

அதை எங்கே வைப்பது என்பதுதான் பிரச்சினை. எங்கள் குவார்ட்டர்ஸ் மாடியில் குழாய் மாதிரி ஒன்றை நிறுத்தினால் ஐந்து நிமிடத்தில் செக்யூரிட்டி வந்து நிற்பார். அது டாங்கி செய்கிற இடம். கடைசியில் என் வகுப்பு யூசுப், “எங்க நைனா டயர் கடை மாடி கீது, குமணன்சாவடில. வர்றியா?” என்றான்.

குமணன்சாவடி நிழலுக்கு வெளியே, தெற்கே மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

“நிழல் வராத எடத்துல நான் எதுக்கு சார் நிக்கணும்? பஸ்ஸு பாக்கவா?” என்று கேட்டேன்.

“வெளிய நிக்கவும் ஒருத்தர் வேணும்மா. கணிப்புன்னா கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்ல” என்றார் சார். அழுகிற குழந்தைக்கு மிட்டாய் கொடுக்கிற குரல் அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினேஷ் வேறு, “கவலப்படாத தாட்சு, நான் புட்ச்சுத் தரேன்” என்றான்.

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கே மாடி ஏறிவிட்டோம். கீழே பெங்களூர் சாலையில் பேருந்துகள் ஒன்றை ஒன்று திட்டிக்கொண்டிருந்தன. பிரியாணிக் கடை விளக்கு நேராகக் கண்ணில் அடித்தது. யூசுப் ஒரு தார்ப்பாயைக் கம்பியில் கட்டி மறைத்தான். கார்த்திகைக் கூட்டத்துக்குக் கொஞ்சம் கீழே அந்த நட்சத்திரத்தைத் தேடிப் பிடிக்க எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது, தொலைநோக்கியில் சின்னதாக, ஆனால் தெளிவாக நின்றது. என் போனைப் பார்வைத் துளையில் பொருத்தி வீடியோவை ஓடவிட்டேன். செயற்கைக்கோளிலிருந்து வரும் நேரம் படத்திலேயே பதிவாகும். சந்தேகத்துக்கு யூசுப் தன் போனிலும் அதே நேரத்தை ஓடவிட்டுப் பக்கத்தில் வைத்தான்.

கணிப்பின்படி ஏழு மணி, பதினாலு நிமிடம், இருபதாவது நொடி. ஒன்பதாவது நொடியில் நட்சத்திரம் காணாமல் போனது.

“போச்சு! போச்சு!” என்று கத்தினேன்.

“இன்னா போச்சு? கால் இட்ச்சிட்டியா?” என்று யூசுப் பதறினான்.

“நட்சத்திரம் போச்சுடா!”

“அதுக்குத்தானம்மா வந்துகீறோம்!”

அதற்குள் அது திரும்பி வந்துவிட்டது. இருபதாவது நொடி வந்தது. ஒன்றும் ஆகவில்லை. நட்சத்திரம் அசையாமல் எரிந்தது. வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டினோம். பக்கத்தில் இருந்த இரண்டு குட்டி நட்சத்திரங்கள் அப்படியே இருக்க, அது மட்டும் ஒன்று புள்ளி எட்டு நொடி இல்லை. தொலைநோக்கி ஆடியிருந்தால் மூன்றுமே ஆடியிருக்கும். நான் யூசுப்பைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். கீழே அவன் அப்பா, “மாடி கீடி இட்ஞ்சிறப் போவுது!” என்று குரல் கொடுத்தார்.

போனை எடுத்துக் குழுவில் எழுதப் போனால், தினேஷ் முந்திவிட்டான். “கெட்ச்சுது மாமே! 7:14:20. கரெக்டா ஒன்றரை செகண்டு!” அதற்குக் கீழே கைதட்டும் படங்களாக வந்து கொட்டின. சபீனா பாவம், ஏரிக்கு மேல் மேகம் மூடி ஒன்றும் பார்க்கவில்லை. நான் என் நேரத்தைப் போட்டேன். யாரோ ஒருவர், “பதினோரு நொடி முன்னாடியேவா? குமணன்சாவடிக்கு மட்டும் ஃபாஸ்ட் பேசஞ்சரா?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

எட்டொன்பது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் இரண்டு மாடிகளுக்கு நிழல் வந்து சேர்வதில் ஒன்றிரண்டு நொடி வித்தியாசம் இருக்கலாம். பதினொன்று இருக்க முடியாது. ஒருவர் கணக்கு தப்பு.

புதன்கிழமை பரந்தாமன் சார் என் வீடியோவைப் பார்த்தார். கெட்டவர் இல்லை அவர். மூன்று வகுப்பு, இரண்டு கமிட்டி, தலைக்கு மேல் வேலை.

“மறையுது, ஒத்துக்கறேன். நேரம்தான் இடிக்குது. உன் போன்ல ஏதோ கோளாறும்மா.”

“ரெண்டு போன் சார். ரெண்டுலயும் ஒரே நேரம்.”

“தினேஷ் சொல்ற நேரம் கணிப்போட அச்சு அசலா ஒத்துப்போகுது. அவன் பெரிய டெலஸ்கோப். நீ இன்னொரு தடவை பாத்து, அந்தப் பதினோரு நொடிய சரி பண்ணிக் குடு. ரெண்டும் ஒத்துப்போனா ஆய்வகத்துக்குப் போற அறிக்கை பலமா இருக்கும். மறைஞ்சத வீடியோவில காட்டினது நீ மட்டுந்தான், அதனால உன் பேரையே அனுப்பிடறேன்.”

“சரி பண்ணலேன்னா?”

“அப்ப தினேஷோட அறிக்கை மட்டும் போகும். முரண்பட்ட ரெண்ட அனுப்பினா ரெண்டையும் தூக்கிப் போட்டுடுவாங்க.”

பொய் சொல்ல மாட்டேன், நான் யோசித்தேன். ஆவடி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேரும்வரை யோசித்தேன். ஒன்பதை இருபது என்று எழுதினால் போதும். மலை, எட்டு வாரம், எம்.எஸ்சி. எல்லாம் வந்துவிடும். யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் அந்த வீடியோவில் என் குரல் இருக்கிறது. ஒன்பதாவது நொடியில் நான்தான் “போச்சு” என்று கத்துகிறேன். அதைக் கேட்டுக்கொண்டே இருபது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வியாழக்கிழமை முழுக்க வீட்டில் யாரோடும் பேசவில்லை. அம்மா இரண்டு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். தினேஷ் அறிக்கையை முடித்துக்கொண்டிருந்தான். சாரும் நாலைந்து பேரும் இருந்தார்கள்.

“உன் வீடியோவப் போடு” என்றேன்.

“எதுக்கு? அதான் கண்ணால பார்த்தேனே. சைடுல சின்ன டெலஸ்கோப் வச்சு, ஸ்டாப்வாட்ச் அமுக்கி எடுத்துகீறேன். வீடியோ பெரிசுல ஓடிச்சு, நான் தொறக்கவே இல்ல. நாலு ஜி.பி. கீது.”

“தொற.”

“இன்னா தாட்சு, என்னை நம்பலியா?”

“நம்புறதுக்கு நீ என்ன சாமியா? மறைஞ்சிருந்தா வீடியோவுல இருக்கும். இல்லேன்னா நீ புளுகுற. வாயால பந்தல் போடாம எடுத்துக் காட்டு!”

சார் என்னை அதட்ட வாயெடுத்தார். அதற்குள் தினேஷ் முகம் சிவந்து, “பாத்துக்கோ, நல்லாப் பாத்துக்கோ” என்று மடிக்கணினியைத் திறந்து சுவரில் படம் விழும்படி மாட்டினான்.

அழகான படம். எட்டங்குலம் எட்டங்குலம்தான். நட்சத்திரம் குத்துக்கல் மாதிரி நின்றது. பதினெட்டு. பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு.

மறையவில்லை.

தினேஷ் பின்னால் ஓட்டினான். ஒவ்வொரு படமாக நகர்த்தினான். ஒன்பதாவது நொடிக்கும் போனான். ஏழு பத்திலிருந்து ஏழு இருபதுவரை எல்லாவற்றையும் ஓட்டினான். அந்த நட்சத்திரம் அவன் வீட்டு மாடியில் ஒரு கணம்கூட அணையவில்லை.

“நான் பாத்தேன்” என்றான். “சத்தியமா பாத்தேன் தாட்சு. இருவதுன்னு வந்திச்சு, போச்சு, வந்திச்சு.”

புளுகன் என்று இன்னொரு முறை சொல்ல என் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் பொய் சொல்லவில்லை. ஒரு வாரமாக இருபதாவது நொடி, இருபதாவது நொடி என்று மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தவன். அந்த நொடி வந்ததும் கண்ணைச் சிமிட்டியிருக்கிறான். கணிப்பு சொன்னதைக் கண் அப்படியே கண்டுவிட்டது. வானம் பார்க்கிறவர்களுக்கு மட்டும் வருகிற வியாதி இது. எதிர்பார்ப்பே இல்லாமல் பஸ் ஆரனுக்கு நடுவே நின்றதால் எனக்கு வரவில்லை, அவ்வளவுதான். நடுக்கோடு எனக்குக் கிடைத்திருந்தால் நானும் அதே இருபதைத்தான் பார்த்திருப்பேன் என்று தோன்றியது. புளுகன் என்றதற்கு வெட்கமாக இருந்தது.

“தினேஷு, மன்னிச்சுக்கடா” என்றேன்.

அவன் கேட்கவே இல்லை. கரும்பலகைக்குப் போய்ச் சாக்பீஸால் இரண்டு புள்ளி வைத்தான். மேலே திருமுல்லைவாயில், கீழே குமணன்சாவடி. பிறகு கத்தினான். “அட! நிழல் எங்க ஊட்டுப் பக்கம் வரவே இல்ல சார்! தெக்கால நவுந்து போய்கீது. பதினோரு செகண்டு முன்னாடியே போய்கீது. தாட்சு தலை மேலதான் போய்கீது!” இரண்டு புள்ளிக்கும் நடுவில் ஒரு கோடு இழுத்தான். “எனக்கு மறையல, அவளுக்கு மறைஞ்சிது. அப்போ பாறையோட ஓரம் இதுக்கு நடுவுல எங்கியோ கீது. இது ரெண்டும் சேந்தாதான் சார் கணக்கே!”

பரந்தாமன் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் உன்ன மாத்தி எழுதச் சொன்னேன்மா” என்றார் என்னிடம்.

தினேஷ் தன் அறிக்கையை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினான். ‘கண்ணால் கண்டதாக நான் சொன்னது தவறு. திருமுல்லைவாயிலில் நட்சத்திரம் மறையவில்லை. வீடியோ இணைப்பில்.’ எங்கள் வகுப்பிலேயே தலைக்கனம் பிடித்தவன் என்று நான் நினைத்திருந்தவன், அத்தனை பேர் முன்னால் அதை எழுதினான். பரிந்துரைப் பெயர் இருந்த இடத்தில் அவனே என் பெயரைத் தட்டினான். நாலு நாற்பதுக்கு அனுப்பினோம்.

மூன்று வாரம் கழித்து நேர்காணல், இணையம் வழியாக. துறைத் தலைவர் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். திரையில் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாதான் ஆய்வகத்தின் தேர்வுக் குழுத் தலைவர். சுற்றி வளைக்காமல் கேட்டார்.

“கணிப்புக்குப் பதினோரு நொடி முன்னாடி. அதுவும் கணிச்ச பாதைக்கு வெளிய. சின்ன டெலஸ்கோப், நடு ரோட்டு மேல. உங்களுக்கே சந்தேகம் வரலையா?”

“வந்தது மேடம். மூணு நாள் வந்தது.”

“அப்புறம் ஏன் மாத்தல? மாத்தியிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த நேரத்திலா வர வேண்டும்? “உங்களுக்குத் தெரியாது மேடம். எனக்குத் தெரியுமே! மறைஞ்சது ஒன்பதாவது செகண்டு. அத இருபதுன்னு எழுதணும்னா வானத்தப் பாக்கவே வேணாம், வீட்டுலயே உக்காந்து எழுதிக்கலாமே” என்று படபடவென்று கொட்டிவிட்டேன். கொட்டிய பிறகுதான் நாக்கைக் கடித்தேன். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அந்த அம்மா சிரித்தார். பக்கத்தில் இருந்தவரிடம் தலையசைத்தார்.

“ராணிப்பேட்டையில ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அன்னைக்கு அதே நட்சத்திரத்தப் பதிவு பண்ணியிருக்கார். செவ்வாய்க்கிழமையே எங்களுக்கு வந்துடுச்சு. அவர்கிட்டயும் கணிப்புக்குப் பதினோரு நொடி முன்னாடிதான். நிழல் அங்கேர்ந்து குமணன்சாவடிக்கு வந்து சேர எத்தனை நொடி ஆகணும்னு கணக்குப் போட்டோம். உங்க நேரத்தோட கால் நொடி கூடப் பிசகல. இத யாருக்கும் வெளிய சொல்லாம வச்சிருந்தோம். கணிச்ச நேரத்தையே அப்படியே எழுதி மத்த எடங்கள்லேர்ந்து ஏழு அறிக்கை வந்தது.” எதிரே இருந்த காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். “ஜூன் ரெண்டாம் தேதி வந்துடுங்க. மலையில குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கங்க.”

நான் நன்றி சொன்னேனா என்பதுகூட நினைவில்லை. கதவைத் திறந்தேன். வெளியே தினேஷும் யூசுப்பும் சபீனாவும் நின்றிருந்தார்கள். “இன்னா ஆச்சு?” என்றான் தினேஷ். தலையை மட்டும் ஆட்டினேன். அவன் போட்ட கூச்சலில் வேதியியல் துறையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

அப்பாவுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வரும்வரை என்னால் பொறுக்க முடியவில்லை. யூசுப் தன் வண்டியில் கொண்டுபோய்க் கேட்டுக்கு எதிரே இறக்கிவிட்டான். சங்கு ஊதியது. காக்கிச் சட்டைகள் சைக்கிளும் பைக்குமாக வெள்ளமாய் வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் அப்பாவின் வழுக்கைத் தலையைக் கண்டுபிடித்தேன். தெருவைத் தாண்டிப் போக வழியில்லை.

“அப்பா! கெடைச்சிருச்சுப்பா! மலைக்குக் கூப்பிட்டுட்டாங்க!” என்று கத்தினேன்.

நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா சைக்கிளோடு அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் மணி அடித்தார்கள். அவர் நகரவில்லை. நான் ஓடிப் போய்ச் சைக்கிள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பதினோரு நொடி, மாத்தச் சொன்னது, நான் மாத்தாதது, ராணிப்பேட்டை.

“மாத்தி எழுதச் சொன்னாங்களா?” என்று அதை மட்டும் கேட்டார்.

“ஆமாம்ப்பா.”

“எழுதலையா?”

“எழுதல.”

அப்பா இருபத்தைந்து வருடமாக முள்ளளவு பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுகிற வேலையில் இருப்பவர். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் யாரோ, “இன்னா அண்ணாத்தே, பொண்ணுக்கு வேலையா?” என்று கேட்டார்.

“வேலையில்லப்பா, அதுக்கும் மேல. எம்.எஸ்சி. படிக்கப் போறா” என்றார் அப்பா. பிறகு போகிற வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொல்ல ஆரம்பித்தார். “ஒண்ணு புள்ளி எட்டு செகண்டு. ஊரே தப்பாச் சொல்லுது. என் பொண்ணு மட்டும் சரியாச் சொல்லியிருக்கா.”